வடக்கன்குளத்துச் சுவர் முதல் பள்ளிக்கூடத்துக் கயிறு வரை: சமூக ஒழுங்கைக் கலைப்பது என்றால் என்ன?

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டத்தில், காவல்கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்கன்குளம். 1872இல் அங்கே கட்டிய கத்தோலிக்கத் தேவாலயம் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத அமைப்புடையது. பீடம் ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் விரிந்து பிரியும். ஒன்றில் வெள்ளாளர்கள் உட்காருவார்கள், மற்றதில் நாடார்கள். நடுவே தடுப்பு. இரண்டு கால்களும் இடுப்பில் சேர்வதுபோல் இருந்ததால் அதைக் ‘கால்சட்டைக் கோயில்’ என்றே அழைத்தார்கள். பூசை ஒன்று, பாதிரியார் ஒருவர், நற்கருணை ஒன்று. ஆனால் ஒருவர் பக்கத்தில் ஒருவர் முழந்தாளிட வேண்டாம் என்பதற்காகவே ஒரு கட்டடத்தை இப்படித் திட்டம் போட்டுக் கட்டினார்கள்.

ஏறக்குறைய நாற்பது வருஷம் அந்தத் தடுப்பு நின்றது. 1910இல் பங்குத்தந்தையாக இருந்த இயேசு சபைக் குரு கௌசானல் அதை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த்தேயின் பேரில் மைக்கேல் பிள்ளை முதலானோர் தொடுத்த வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டு என்ற எண்ணத்தைக் கிறிஸ்தவ மதத்துக்குள் கொண்டுவந்து அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள்.

சமூக ஒழுங்கைக் கலைத்தல் பற்றிப் பல்கலைக்கழகப் புத்தகங்களில் கனமான விளக்கங்கள் உண்டு. ஆனால் அது என்னவென்று புரிந்துகொள்ள இந்த ஒரு கட்டடமும், அதைச் சுற்றி முப்பது நாற்பது மைலுக்குள் நடந்தவையும் போதும்.

முதலில் ‘ஒழுங்கு’ என்பது எதைக் குறிக்கிறது? யார் எங்கே நிற்கலாம், எதை உடுத்தலாம், எந்தக் கிணற்றில் வாளி போடலாம், யாரை எப்படிக் கூப்பிடலாம் என்ற விதிகளின் தொகுப்பைத்தான். அவற்றில் சில அரசாணையாக இருக்கும். பெரும்பாலானவை எங்கும் எழுதப்படாமல், எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும். கீழே இருப்பவர்கள் தினமும் அவற்றைச் செய்து காட்டுவதால்தான் அந்த ஒழுங்கு நிற்கிறது. துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வது, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது, ஒதுங்கி நிற்பது எல்லாம் அப்படிச் செய்து காட்டுபவைதான். கலகம் என்பது இதைச் செய்ய மறுப்பது. அரசைக் கைப்பற்றுவது புரட்சி. வரிக்கோ விலைக்கோ எதிராகக் கூடிக் கொதிப்பது கிளர்ச்சி. கலகக்காரன் இவை இரண்டுமே செய்யாமல் இருக்கலாம். தனக்கு விலக்கப்பட்ட ஒன்றை, விலக்கே இல்லாததுபோல் செய்தால் போதும். அதைப் பார்த்தவர்களுக்கு, நேற்றுவரை இயற்கை என்று நம்பியது மனிதர்கள் போட்ட விதிதான் என்று தெரிந்துவிடும்.

இதற்கு நம் தென்கோடியைவிடத் தெளிவான சாட்சி இந்தியாவில் குறைவு என்பது என் கருத்து. பழைய திருவிதாங்கூரின் எல்லை ராதாபுரத்துக்கு மேற்கே, ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஓடியது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்தபின் கணவாய்க்குக் கிழக்கே கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வந்தது. மேற்கே மகாராஜா. இரண்டு பக்கமும் அதே பனை, அதே பதனீர், அதே உறவுமுறை, ஆனால் சட்டம் வேறு. மேற்கே இருந்த விதிகளை வாசித்தால் இன்றைக்கும் கை நடுங்கும். நாடார் ஒருவர் நம்பூதிரியிடமிருந்து முப்பத்தாறு காலடி எட்டி நிற்க வேண்டும், நாயரிடமிருந்து பன்னிரண்டு. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கக் கூடாது. தோளுக்கு மேலே துணி போடக் கூடாது.

துணி விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். அந்த நாட்டில் மேலாடையை விலக்குவதே மரியாதை செய்யும் முறையாக இருந்தது. நாயர் பெண்கள்கூடத் தங்களுக்கு மேலானவர்கள் முன்னால் தோள்துணியை எடுத்துவிடுவது வழக்கம். அதனால் யார் யார் முன்னால் எடுக்கிறார்கள் என்பதே ஊரின் படிநிலையை அன்றாடம் காட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு எடுப்பதற்கே துணி கிடையாது. மேற்கத்திய நாணம் வந்து பெண்களைப் போர்த்தியது என்று சிலர் கதையைச் சுருக்குவதுண்டு. நடந்தது அதைவிடப் பெரியது. அந்தப் பெண்கள் கேட்டது மறைவுக்கு ஒரு துணி என்பதோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்கள் அணிவது போன்ற அதே தோள்சீலை வேண்டும் என்றார்கள்.

1806இல் மைலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, அவருக்குப் பின் வந்த லண்டன் மிஷன் பாதிரிகள், நாகர்கோவிலில் பெண்களுக்குத் தையலும் சரிகைப் பின்னலும் கற்றுக்கொடுத்த மார்த்தா மால்ட் ஆகியோரின் காலத்தில் இந்தக் கோரிக்கை வளர்ந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போடலாம் என்று உத்தரவு வந்தது. பெண்கள் குப்பாயத்தோடு நிற்காமல் அதன் மேல் சீலையும் போட்டார்கள். 1820களில் சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது, பள்ளிகளும் செபக்கூடங்களும் எரிந்தன. 1829இல் ராணி கௌரி பார்வதி பாய், குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்று அறிவித்தார். பெண்கள் கேட்கவில்லை. 1858, 1859இல் கலவரம் மறுபடி வெடித்தது. மதராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் திருவிதாங்கூருக்குக் கடுமையாக எழுதினார். 1859 ஜூலை 26இல் மகாராஜா இறங்கிவந்து, நாடார் பெண்கள் மேலே துணி போடலாம், மேல்சாதிப் பெண்கள் போடும் அதே மாதிரியில் மட்டும் கூடாது என்று அறிவித்தார்.

அந்தக் கடைசி விலக்கைக் கவனியுங்கள். துணியை அனுமதித்த அரசு, அதைப் போடும் பாணியை அனுமதிக்கவில்லை. ஒழுங்கின் உயிர் எங்கே இருந்தது என்று அதைக் காத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்திய விவசாயி எழுச்சிகளைப் பற்றி 1983இல் புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா இதைத்தான் வங்காளத்திலும் பீகாரிலும் கண்டார். எழுந்தவர்கள் ஆண்டைகளின் ஆளை மட்டும் தாக்கவில்லை. ஆண்டைகளின் குடை, பல்லக்கு, பேச்சு, உடை என்ற அடையாளங்களையும் தாக்கினார்கள் அல்லது எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மண்ணின் பெரிய கலகக்காரர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் அய்யா வைகுண்டரைச் சொல்வேன். 1809 வாக்கில் இன்றைய சாமிதோப்பில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குடும்பத்துப் பிள்ளைக்கு முடி எதற்கு என்று எதிர்ப்பு வந்ததால் முத்துக்குட்டி ஆக்கினார்கள். பிறந்த பிள்ளையின் பெயரில்கூட அந்த ஒழுங்கு கை வைத்தது. 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. சாமிதோப்பில் தவம் இருந்தார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்றார், வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றார். கூலியில்லாத ஊழியம் செய்யாதே என்றார். சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்கள் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். 1839இல் விட்டார்கள்.

இவ்வளவுக்கும் அவர் ஆயுதம் எடுக்கவில்லை, மனுக்கூட எழுதவில்லை. அவர் செய்தவை வேறு. எல்லாச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க முத்திரிக்கிணறு வெட்டினார். எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார்த்திச் சோறு போட்டார். துவையல் தவசு என்று நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஓரிடத்தில் சேர்த்து, குளித்து, துவைத்து, ஒரே சமையலை உண்டு வாழவைத்தார். ஆண்களிடம் தலைப்பாகை கட்டச் சொன்னார்.

பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் கிராமங்களிலும் அவர் வழியில் வந்தவர்களின் வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்கள் இருக்கின்றன. ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். மற்றக் கோயிலில் வாசலிலேயே தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுகிற ஆள், இங்கே உள்ளே நுழையும்போது துண்டைத் தலையில் கட்டிக்கொள்கிறார். நெற்றியில் புருவத்துக்கு நடுவிலிருந்து மேல்நோக்கித் திருமண் நாமம். உள்ளே விக்கிரகம் கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. கும்பிடுகிறவருக்குக் கண்ணாடியில் தெரிவது தலைப்பாகை கட்டிய அவருடைய முகம்தான். தலை நிமிரக் கூடாது, முண்டாசு கட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்த ஒரு சமூகத்துக்கு, சாமி கும்பிடுவதற்கே முண்டாசு கட்டாயம் என்று ஆக்கியது எவ்வளவு ஆழமான யோசனை! விலக்கு எதுவோ அதுவே வழிபாடாகிவிட்டது. இருநூறு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் அது மாறவில்லை.

எல்லாக் கலகமும் நின்று முகத்துக்கு முகம் பேசுவதில்லை. விலகிப் போவதும் ஒரு வழி. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற நாடார் உபதேசியாரும் மதம் மாறிய குடும்பங்களும், ஊரில் அடி தாங்க முடியாமல் வெளியே நிலம் வாங்கித் தனி ஊர் அமைத்தார்கள். அதுதான் முதலூர். ஆண்டைக்குத் தலைகுனிய வேண்டிய தெருவே இல்லாத ஊர். அதன்பின் அந்தத் தேரிக்காட்டில் இப்படிப் பல ஊர்கள் எழுந்தன. இன்னொரு வழி ஒளிந்திருப்பது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் நெல் விவசாயிகளோடு தங்கியிருந்த ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் எழுதியது இதைப் பற்றித்தான். வேலையில் மெத்தனம், தெரியாததுபோல் நடிப்பு, முதலாளி போனபின் பட்டப்பெயர். வயல் வேலை பார்த்த எந்தக் குடும்பத்துப் பெரியவரைக் கேட்டாலும் இதற்கெல்லாம் கதை சொல்வார், விளக்கம் தேவையில்லை.

கதையிலும் பாட்டிலும் நடக்கும் கலகத்தைப் பற்றிச் சற்று அதிகம் சொல்ல ஆசை. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். அங்கே பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் கோயில்களே நமக்குப் பழக்கம். இங்கே செருப்புதான் நேர்த்திக்கடன். பட்டவராயன் என்பவர் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பிராமணர். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு சக்கிலியப் பெண்களைக் கண்டு மணம் கேட்கிறார். பெண்களின் தகப்பன் வாலப்பகடை, பூணூலையும் குடுமியையும் எடுத்துவிட்டு, எங்களைப்போல் செருப்புத் தைத்துக் காட்டு என்கிறான். முத்துப்பட்டன் அப்படியே செய்கிறான். மாடு திருடர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். கீழே உள்ளவர் மேலே ஏற முயலும் கதைகள் நிறைய உண்டு. மேலே உள்ளவர் விரும்பிக் கீழே இறங்கி, அதற்காகவே தெய்வமாகும் கதை அபூர்வம். தாமிரபரணி தொடங்கும் மலையில் அதைப் பாடிப் பாடி ஜனங்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் ஏறியது. அந்தப் பெண்கள் பிறப்பால் சக்கிலியர் இல்லை, பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று அது சொல்கிறது. கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார். ஒழுங்கு தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளில் இது மிக நுட்பமானது. கலகத்தைத் தடை செய்வதில்லை, பாட்டை நிறுத்துவதில்லை. பெண்களின் பிறப்பை மட்டும் மாற்றிவிடுகிறது. அதோடு கதையில் சாதி மீறலே இல்லாமல் போய்விடுகிறது.

வடக்கன்குளத்துக்கே மறுபடி வருவோம். திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்த நீலகண்டர், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊரில்தான். தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார், உண்டார். சிறைப்பட்டார், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், அவர் இறந்து நூற்றிருபது வருஷம் கழித்து, சாதிக்கு ஒரு கூடம் வைத்துக் கோயில் கட்டினார்கள். மதம் மாறினார்கள், ஒழுங்கு கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 2022 மே 15இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியிருந்தது. அதற்கே இங்கிருந்து எதிர்ப்புக் குரல் எழும்ப வேண்டியிருந்தது.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் விட முடியாது. தன் இடத்தை மட்டும் உயர்த்திக்கொள்வது ஒன்று, இடங்களின் வரிசையையே கலைப்பது இன்னொன்று. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்கள் தோற்றார்கள். கோயில் நுழைவு நியாயமான கோரிக்கை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அவர்களில் பலர் முன்வைத்த வாதம், நாங்கள் சத்திரியர்கள், எங்களைத் தாழ்ந்தவர்களோடு சேர்க்காதீர்கள் என்பது. தங்களுக்குக் கீழே ஒரு படி இருக்கட்டும் என்று அந்த வாதம் ஒப்புக்கொண்டது. வைகுண்டரின் பொதுக்கிணற்றுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். எந்தக் கலகத்தையும் எடைபோட நான் கேட்கும் கேள்வி, அது தனக்குக் கீழே இருப்பவருக்கும் வாசலைத் திறந்ததா என்பது.

அரசு எப்படிப் பார்க்கும்? ஒழுங்கைக் கலைப்பவருக்கு அது வைக்கும் பெயர் துரோகி. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 124அ பிரிவின்கீழ் 1908 ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை தந்தது திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்து நீதிபதி பின்ஹே. நூறு வருஷம் தாண்டி, 2011–12இல், அதே பிரிவு ராதாபுரம் வட்டத்து இடிந்தகரைக்கு வந்தது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்த மீனவப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மேல் அந்த வழக்குப் பதிவானது. உலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். கடற்கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்த பெண்களை நாட்டுக்கு எதிரானவர்கள் என்று எழுதியது தவறு. அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது.

இத்தனையும் சொன்னபின் நம் பிள்ளைகளிடம் வர வேண்டும். 2023 ஆகஸ்டில், ராதாபுரத்துக்கு அடுத்த நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். இதையடுத்து அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அவர் அறிக்கையில், கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளப் பொட்டு ஆகியவற்றோடு மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்ற பரிந்துரையும் உண்டு. நம் மாவட்டத்தில் எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். தோளில் துணி போடக் கூடாது என்று சாதி அன்று உடம்பின் மேல் விதி எழுதியது. அந்த உடம்புகளின் பேரப்பிள்ளைகள் இன்று விரும்பியே மணிக்கட்டில் அதைக் கட்டிக்கொள்கிறார்கள்.

இந்த மாவட்டத்து அப்பா அம்மாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள். இன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருந்தால் யார் கட்டிவிட்டார்கள், ஏன் இந்த நிறம் என்று கேளுங்கள். பிறகு உங்கள் கையாலேயே அவிழ்த்துவிடுங்கள்.